பேய்வீட்டுக்குள் ஒரு பஸ்காரர்

குராமோச்சி இசாமு சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் விரலை நீட்டுவார். கை தோளுக்கு நேராக, முழங்கை மடங்காமல், ஆட்காட்டி விரல் மட்டும். எதைச் சோதிக்கிறாரோ அதை விரலால் குத்துகிற மாதிரி காட்டி, அடிவயிற்றிலிருந்து சத்தம் போடுவார்.

"கதவு, சரி! பெல்ட், சரி! பெஞ்சுக்கு அடியில் கால் இல்லை, சரி!"

அதற்கப்புறம்தான் பேய் வரும்.

மலை மேலிருந்த அந்தச் சின்னக் கேளிக்கைப் பூங்காவுக்கு இது ஒரு தொல்லை. பயப்பட வேண்டும் என்றுதான் ஆட்கள் சீட்டு வாங்கி உள்ளே வருகிறார்கள். இருட்டு. ஊதுபத்தி வாசம். எங்கோ ஒரு கோயில் மணி. முதுகு சில்லிட ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, ரயிலடியில் கூவுகிற மாதிரி ஒரு குரல், "பெல்ட், சரி!" பயம் எங்கே நிற்கும்? 'பேய்வீடு நன்றாக இருந்தது. வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்பியது' என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருந்தார்.

"டிரைவரே, நான் செத்தவ. நீங்க போடுற சத்தத்துல எனக்கே உயிர் வந்துடுது" என்பாள் சகாரா மித்சுயோ. அவள்தான் பேய். காலையில் வாசல் கடையில் ஐஸ் சீவி விற்பாள், பகல் பன்னிரண்டுக்கு மேல் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்பாள். சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி. அதில் விளக்கு விழும் கோணத்தில் அவள் கூடத்து நடுவிலிருக்கும் மேசைக்குள்ளேயே நடந்து வருகிற மாதிரி தெரியும்.

அவளுக்கும் ஒரு கோளாறு உண்டு. பதினைந்து வருஷம் துணிக்கடையில் நின்றவள். ஆளை அலற வைத்த கையோடு, அவள் இடுப்பு தானாக வளைந்து ஒரு கும்பிடு போட்டுவிடும். வாயோரம் ரத்தம் வழிய, கூந்தல் தரையைத் தொட, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்கிற கும்பிடு. ஆகையால் இவர் அவளைச் சொல்ல முடியாது, அவளும் இவரைச் சொல்ல முடியாது.

குராமோச்சிக்கு வயது ஐம்பத்து நான்கு. மத்தி மீன் காயப் போடுகிற துறைமுகத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பஸ் டிப்போவில் வண்டி கழுவப் போனார். ஒன்பது வருஷம் கழுவினார். அப்புறம் உரிமம் எடுத்தார், சின்ன வண்டி ஓட்டினார், கடைசியில் ஏழாம் தடம் கைக்கு வந்தது. துறைமுகத்திலிருந்து மலையோரமாகப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் முப்பத்தொரு நிறுத்தம். இடது பக்கம் பூரா கடல். பதினெட்டு வருஷம் அந்த வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. வெள்ளைக் கையுறையைத் தானே துவைப்பார். மனைவி தொட்டால் சோப்பு அதிகமாகப் போடுகிறாள் என்று சண்டைக்கு வருவார்.

ஒரு ஏப்ரல் மாதக் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, முகம் கழுவும் தொட்டி இடது பக்கமாக நகர்ந்தது. கண்ணாடியும் கூடவே போனது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். உட்காதில் கோளாறு என்றார்கள். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு தடவை வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே போய் ஆபீஸில் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

பூங்காவும் அதே பஸ் கம்பெனிக்குச் சொந்தம். வேலையை விட்டு அனுப்பாமல் அங்கே மாற்றினார்கள். எந்த இடம் காலி என்று பார்த்தவர்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. புரளும் வீடு என்கிற ஆட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்விப்பட்ட அன்று அவர் மனைவி தமாயே சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"தலை சுத்துற மனுஷனைத் தலை சுத்த வைக்கிற வேலைக்கே போட்டிருக்காங்க. யாரோ பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காங்க, ஏங்க!"

புரளும் வீட்டின் சூட்சுமம் இவ்வளவுதான். பழைய காலத்து வீட்டுக் கூடம் மாதிரி ஓர் அறை. நடுவில் எதிரெதிராக இரண்டு பெஞ்ச், பன்னிரண்டு பேர் உட்காரலாம். பெஞ்ச் ஓர் அச்சில் தொங்குகிறது, தொட்டில் மாதிரி கொஞ்சம் ஆடும், அவ்வளவே. சுற்றுவது அறை. தரை, சுவர், கூரை, விளக்கு, தேநீர் மேசை, ஒட்டி வைத்த கிண்ணம் எல்லாம் சேர்ந்து ஒரு பீப்பாய் மாதிரி உருளும். உட்கார்ந்திருப்பவனுக்கோ, தான்தான் தலைகீழாகப் போகிறோம் என்று தோன்றும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

குராமோச்சி ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. மோட்டாருக்குக் கிரீஸ் வைத்திருக்கிறார், பெல்ட் மாற்றியிருக்கிறார், கிண்ணம் பெயர்ந்தால் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். வீடு ஓடும்போது மட்டும் வெளியே சுவிட்ச் கூண்டில்தான் நிற்பார். கேட்டால், "ஓட்டுறவன் பயணி சீட்டுல உக்காரக் கூடாது" என்பார். சிவப்பு உள்துணி வைத்த கறுப்பு அங்கி ஒன்று அவருக்குச் சீருடையாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கூண்டில் நின்றபடி, கீழே மலைப்பாதையில் இறங்கும் பஸ்களைப் பார்ப்பார். எந்த வளைவில் எவன் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிறான் என்று அங்கிருந்தே திட்டுவார்.

இரண்டு வருஷம் மூன்று மாதம் இப்படிப் போனது. கடைசி பதினான்கு மாதமாக ஒரு தடவைகூடத் தலை சுற்றவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார்.

டிப்போ மேலாளர் நோசுயே குனிஹிகோ. குராமோச்சிக்கு நாலு வயது இளையவர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே வாளியில் தண்ணீர் எடுத்து வண்டி கழுவியவர்கள். நோசுயே அப்புறம் இரவுப் பள்ளியில் படித்து மேலே போய்விட்டார். ஆபீஸில் நாலு பேர் முன்னால் 'குராமோச்சி' என்பார். ஆள் இல்லாவிட்டால் பழைய பழக்கம் வாயில் வந்துவிடும்.

கதவைச் சாத்திவிட்டு நோசுயே சொன்னார்.

"காகிதம் சரியா இருக்கு அண்ணே. என் மனசுதான் சரியா இல்லை."

"மனசுக்கு எந்த டாக்டர்கிட்ட போகணும், மேனேஜர்?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஏழாம் தடம். இந்தப் பக்கம் கடல். உள்ளே நாப்பது பேர், அதுல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. நடுவுல உங்களுக்குச் சுத்துச்சுன்னா?"

"டாக்டர் சுத்தாதுங்கறாரு."

"டாக்டர் பஸ்ல வர்றதில்லை, கார்ல போறாரு." நோசுயே பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தப் புரள்ற வீட்டுல உக்காருங்க. ஒரு ஓட்டம். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு. இறங்கி, வாசல்ல வரிசைக்குப் போட்டிருக்கே வெள்ளைக் கோடு, அது மேல பத்தடி நடங்க. நடந்துட்டீங்கன்னா அங்கேயே என் முத்திரையைக் குத்தித் தர்றேன்."

"நடக்கலைன்னா?"

"ஓய்வு வர்ற வரைக்கும் பேய்கூடத்தான் குடித்தனம்."

"கண்ணைத் திறந்திருக்கேனா மூடியிருக்கேனான்னு யாரு பாக்கறது?"

"நானும் பக்கத்துல உக்காருறேன்" என்றார் நோசுயே. அந்த நிமிஷம் அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

குறித்த நாள் காலையில் தமாயே மிசோ சூப்பை ஊற்றிக்கொண்டே யோசனை சொன்னாள்.

"பேசாம கண்ணை மூடிக்குங்களேன். மூடிட்டா ஒண்ணுமே தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"திறந்து வைக்கணும்னு பேச்சு."

"அந்த இருட்டுல யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"இருபத்தாறு வருஷமா இதே பதில்" என்று சொல்லிவிட்டு, அவர் கிண்ணத்தில் மீன் துண்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

ஆகஸ்ட் மாதம். சில்வண்டுகள் காதைத் துளைத்தன. பேய்க்குக் கூட்டம் சேர்கிற மாதம் அதுதான். வெயிலுக்கு முதுகு சில்லிடட்டும் என்று வருவார்கள். அன்று பிற்பகல் இரண்டரைக்கு, துறைமுகத்து மூத்தோர் சங்கத்திலிருந்து பத்துப் பேர் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சங்கத் தலைவர் கிதாயாமா, எண்பத்து நாலு வயது. நாற்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர். குராமோச்சியும் நோசுயேவும் சேர்ந்தால் பன்னிரண்டு, கணக்குச் சரி. சுவிட்சைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து ராட்டினக்காரர் வந்து நின்றார்.

குராமோச்சி பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். வலது பக்கம் நோசுயே, இடது பக்கம் கிதாயாமா.

கதவு சாத்திக்கொண்டது. விளக்கு மங்கியது. மேசைக்கு மேலே வெளுத்த முகம் ஒன்று மெதுவாகத் தெரிந்து, தலையைச் சீவிக்கொண்டே மேசைக்குள் நடந்து வந்தது. சீப்பிலிருந்து கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. மஞ்சள் தொப்பிகள் ஆளுக்கொரு சத்தம் போட்டார்கள். சகாரா மித்சுயோ உச்சக்கட்டமாக முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்து காட்டினாள். அப்புறம் வழக்கம்போலக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாள்.

பத்து மஞ்சள் தொப்பிகளும் உட்கார்ந்த மேனிக்கே பதிலுக்குக் குனிந்தன. நோசுயேவும் குனிந்தார்.

பேய் மறைந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்த சத்தம் குராமோச்சிக்கு மட்டும் கேட்டது. கூரையிலிருந்த காகித விளக்கு இடது பக்கமாக நகர்ந்தது.

அதே இடது பக்கம். அந்தத் தொட்டி போன பக்கம்.

ஒவ்வொரு திருகும் அவருக்குத் தெரியும். நகர்வது அறை, நாம் இல்லை. தெரிந்து என்ன பண்ண? வயிற்றுக்குத் தெரியவில்லை. விளக்கு தோளுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, காலுக்குக் கீழே போனது. பின்னங்கழுத்தில் வியர்வை குளிர்ந்தது. போயிற்று, இன்றோடு முடிந்தது, இனி அந்த அங்கிதான் என்று நினைத்தார். கை தானாகக் குழாயைத் தேடியது. குழாய் இல்லை. தேடிய கை நீண்டது. நீண்ட கையில் விரல் தானாக நிமிர்ந்தது.

"பெஞ்ச்!" என்று கத்தினார். குரல் உடைந்தது. "ஆடுது, சுத்தலை! சரி!"

கிதாயாமாவுக்கு, ஒருவன் விரல் நீட்டிச் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது. ரயில்வேயில் அதுதான் விதி, நாற்பது வருஷத்துப் பழக்கம். அவர் கையும் நீண்டது.

"பெஞ்ச், சரி!"

"விளக்கு!" என்றார் குராமோச்சி. "கயிறு விறைப்பா நிக்குது! பசை போட்டது நான்தான்! சரி!"

"பசை, சரி!" இந்தத் தடவை நாலைந்து குரல்.

வீடு முழுசாகத் தலைகீழாகிவிட்டது. தேநீர் மேசை உச்சந்தலைக்கு மேலே தொங்கியது. குராமோச்சி விரலைச் சட்டைப்பைக்குக் கொண்டு போனார்.

"பேனா பையில இருக்கு! விழலை! சரி!"

"பேனா, சரி!"

"தலையில தொப்பி!"

"தொப்பி, சரி!" பத்துப் பேரும் பத்து விரலும்.

"மேல் பல்செட்டு, சரி!" என்றார் கிதாயாமா சொந்தப் பொறுப்பில்.

"பல்செட்டு, சரி!"

"என் கீழ் செட்டு இன்னைக்கு வீட்டுல இருக்குடா" என்றாள் எதிர்ப் பெஞ்சில் ஒரு கிழவி. கொஞ்சம் யோசித்து, "வீட்டுல, சரி!" என்று விரலை நீட்டினாள். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, பேயும் ஒரு தடவை "சரி..." என்றது.

குராமோச்சிக்கு மூச்சு சீரானது. எப்போது சீரானது என்று அவருக்கே தெரியவில்லை. விளக்கு மறுபடி தலைக்கு மேல் வந்து நின்றபோது, அவர் எதிர்ச் சுவரில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோசுயே மட்டும் விரல் நீட்டவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். சொன்ன வாக்குப்படி கண்ணை மட்டும் கடைசி வரை திறந்தே வைத்திருந்தார், பாவம். நடுவில் "அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. குராமோச்சி வெள்ளைக் கோட்டின் முனையில் நின்றார். கோட்டின் அந்தப் பக்கத்து முனையைப் பார்த்தார். நடந்தார். பத்தடி என்பது பத்தடிதான். கால் ஒரு தடவைகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை. முனையில் நின்று திரும்பினார்.

நோசுயே விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜர்?"

"கிட்ட வராதீங்க. தரை ஓடுது."

ஆனாலும் வாக்குத் தவறாத மனுஷன். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி, மறு கையால் சட்டைக்குள்ளிருந்து அனுமதிக் காகிதத்தையும் பெயர் முத்திரையையும் எடுத்தார். முழங்காலில் காகிதத்தை வைத்து, மை தொட்டுக் குத்தி நீட்டினார். முகம் பச்சை ஐஸ் பாகு நிறத்தில் இருந்தது.

குராமோச்சி இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.

அவர் பார்த்ததைச் சகாரா மித்சுயோவும் பார்த்துவிட்டாள். ரத்தம் வழிந்த முகத்தோடு ஓடி வந்தவள், காதோரம் கிசுகிசுத்தாள்.

"மடிச்சுப் பையில வைங்க டிரைவரே. தெளிஞ்சு எந்திரிச்சாருன்னா மனசு மாறிடும். நீங்க சும்மா உக்காரலை, கத்திக்கிட்டே உக்காந்தீங்க, அது கணக்குல வராதுன்னு சொல்லிடுவாரு."

அது அவருக்கும் தோன்றியிருந்தது. காகிதத்தைப் பாதி மடித்தார். இரண்டு வருஷம் மூன்று மாதம் அந்த மடிப்புக்குள் இருந்தது. ஏழாம் தடம் இருந்தது. நின்றார். அப்புறம் பிரித்தார். விரல் போய் அந்தச் சிவப்பு வட்டத்தைக் குத்தியது.

"முத்திரை, தலைகீழ்."

"யாரு பாக்கப் போறாங்க!" என்று முனகினார் நோசுயே.

"நான் பாத்துட்டேனே."

"அண்ணே, உங்க கால்ல விழறேன். மணி மூணு ஆகப் போவுது. நாலரைக்கு டிப்போவுல சாயங்கால டிரைவருங்களுக்குப் பேரு கூப்பிடணும். நான் இல்லைன்னா ஒரு வண்டி வெளியே போக முடியாது. பூங்கா பஸ்ஸு நாலு மணிக்குத்தான், அதுல போனா நேரத்துக்குச் சேர முடியாது. நான் வந்த கம்பெனி வேனை என்னால ஓட்ட முடியாது. நீங்க ஓட்டுங்க."

"அனுமதி இல்லாம கம்பெனி வண்டியைத் தொட மாட்டேன்."

"அதான் அனுமதி குத்திட்டேனே!"

"அது தலைகீழா இருக்கே. ஆளே தலைகீழா இருக்கும்போது குத்தினது."

சகாரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு கடைக்குப் போய், ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் சீவி, பாகு ஊற்றிக் கொண்டு வந்து குனிந்து நீட்டினாள். கண்ணைத் திறந்த நோசுயே, ஓர் அங்குலத்தில் அந்த முகத்தைப் பார்த்து ஓவென்று கத்தினார். அவள் உடனே ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டாள். ஐஸ் உள்ளே போகப் போக நோசுயேவின் முகத்தில் மனுஷ நிறம் வந்தது. மூன்றரைக்குக் கம்பத்தை விட்டார்.

"கொடுங்க, இப்பக் குத்துறேன்."

"முதல்ல நடந்து காட்டுங்க" என்றார் குராமோச்சி. "பத்தடி."

மூத்தோர் சங்கம் அதுவரைக்கும் வாசலுக்கு எதிரிலிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்லி டீயும் சோற்றுருண்டையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நோசுயே கோட்டில் காலை வைத்ததும் பத்து விரல்கள் நீண்டன.

"இடது கால், சரி!" "வலது கால், சரி!" "இடது... ஏய், பூச்செடி, பூச்செடி!"

முதல் தடவை செடிக்குள் இறங்கினார். இரண்டாவது தடவை எட்டாம் அடியில் கோணினார். மூன்றாவது தடவை கோட்டின் முனைக்கே போய் நின்றார். சங்கம் கைதட்டியது.

நோசுயே காகிதத்தை ஐஸ் கடை மேசை மேல் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிஜத்தைச் சொல்லட்டுமா? நீங்க கத்தினது ஏமாத்து வேலைன்னு சொல்லிடலாம்னுதான் நினைச்சேன்."

"சொல்லுங்க."

"ஆனா உள்ளே நான் என் பேரையே மறந்துட்டு உக்காந்திருந்தேன். நீங்க ஊரார் பல்செட்டை எண்ணிக்கிட்டு இருந்தீங்க." முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது மேல் பக்கம் என்று உறுதி பண்ணிக்கொண்டு, பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தினார். நேராக விழுந்தது.

குராமோச்சி அங்கியைக் கழற்றி நாலாக மடித்துச் சகாராவிடம் கொடுத்தார். "அந்தப் பக்கத்துச் சுவர்ல ஒரு திருகு தளர்ந்திருக்கு. நாளைக்கு முடுக்கச் சொல்லு" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏதாவது பேசினால் கண்ணில் தீட்டிய மைக்கோடு கரைந்துவிடும் போலிருந்தது.

மலையிலிருந்து இறங்கப் பதினேழு வளைவு. நோசுயே வேனின் பின் சீட்டில் படுத்துக்கொண்டார்.

"இடப்பக்கக் கண்ணாடி, சரி! முன்னால வண்டி இல்லை, சரி!"

"ஒவ்வொரு வளைவுக்கும் கத்தணுமா அண்ணே? மண்டை பிளக்குது."

"கத்தணும்."

டிப்போவில் வேன் நின்றபோது மணி நாலு இருபத்தேழு. ஆறு டிரைவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குராமோச்சி கொஞ்சம் தள்ளி ஓரமாக நிற்கப் போனார். நோசுயே கையைக் காட்டினார், வரிசையின் கடைசிக்கு. பேர் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பட்டியலில் இல்லாத பேரையும் கூப்பிட்டார்.

"குராமோச்சி இசாமு. உடம்பு?"

அந்தக் கேள்வியை யாரும் அவரைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

"நல்லா இருக்கு, மேனேஜர்."

"நாளைக்குக் காலையில அஞ்சு நாப்பது. ஏழாம் தடம். முதல் வாரம் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து வருவாரு."

வரிசையின் முன்னாலிருந்து ஓர் இளவட்டம் கழுத்தை நீட்டியது. "உங்க உடம்பு எப்படி மேனேஜர்? பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

நோசுயே காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அடுத்தது டயர் சோதனை" என்றார்.